கிரகங்கள் கூடினால் விசுவாசிக்கு என்ன?

 

இந்தத் தடவை ஒரே ஒரு கேள்வியை உங்கள் முன்னால் வைக்க என் ஆவியிலே ஏவப்பட்டேன். சந்திரனும் கிரகங்களும் ஆகாயத்தில் ஒன்றையொன்று நெருங்கி நிற்பதைப் பார்க்கும்போது தேவனுடைய பிள்ளை என்ன நினைக்க வேண்டும்? பயப்படலாமா? அதில் ஒரு செய்தி தேடலாமா? அல்லது, "இதில் ஒன்றுமில்லை" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விடலாமா?

கேட்பதற்குச் சின்னக் கேள்வி மாதிரி இருக்கும். ஆனால் பிரியமானவர்களே, இதற்குப் பதில் தெரியாததினால் எத்தனை வீட்டில் கல்யாணம் நின்றுபோயிருக்கிறது! எத்தனை பேர் தூக்கமில்லாமல் கிடந்திருக்கிறார்கள்! இதே காரியத்தினால் எத்தனை பிரசங்கியார்கள் வெட்கப்பட்டுப் போனார்கள்! ஆகவே கொஞ்சம் பொறுமையாய் வாசியுங்கள்.

2023ஆம் வருஷம் மார்ச் 24, வெள்ளிக்கிழமை. உபவாச ஜெபம் முடிந்து ஜனங்கள் வெளியே வந்தார்கள். மேற்கே மெல்லிய பிறை. அதற்குக் கீழே, விழப்போகிற பனித்துளி மாதிரி வெள்ளி ஒட்டிக்கொண்டு நின்றது. இந்தியா முழுவதும் அன்றைக்கு ஜனங்கள் மொட்டைமாடியில் ஏறி நின்று போட்டோ எடுத்தார்கள். அந்த இடத்திலேயே மூன்று பேர் என்னிடம் மூன்று விதமாய்க் கேட்டார்கள்.

வயதான ஒரு தாயார், "பாஸ்டர், இது நல்லதுக்கா கெட்டதுக்கா?" என்றார்கள்.

ஒரு வாலிபத் தம்பி, "ஐயா, வாட்ஸ்அப்பில போட்டிருக்காங்க, இது வருகையின் அடையாளமாம். நிஜமா?" என்றான்.

கல்லூரியில் படிக்கிற மகள் ஒருத்தி, "அங்கிள், இது எப்ப நடக்கும்னு முன்னாடியே கணக்குப் போட்டுச் சொல்லிட்டாங்களே. அப்புறம் இதுல தேவனுக்கு என்ன வேலை?" என்று கேட்டாள்.

மூன்றும் நியாயமான கேள்விகள்தான். ஒவ்வொன்றாய்ப் பார்ப்போம்.

உண்மையில் நடந்தது என்ன?

முதலாவது, வானத்தில் என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ளுவோம். அன்றைக்குச் சந்திரன் நமக்கு நாலு லட்சம் கிலோமீட்டருக்கும் குறைவான தூரத்தில் இருந்தது. வெள்ளியோ ஏறக்குறைய 18 கோடி கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தது. நானூறு மடங்குக்கும் அதிகமான தூரம்! இரண்டும் ஒன்றையொன்று தொடவும் இல்லை, நெருங்கவும் இல்லை.

பின்னே எப்படி ஒட்டினாற்போல் தெரிந்தது? பஸ் ஸ்டாண்டில் நின்று பாருங்கள். பக்கத்திலிருக்கிற தண்ணீர்த் தொட்டியின் விளக்கும், தூரத்து மலைமேல் இருக்கிற டவரின் சிவப்பு விளக்கும் ஒன்றாய்த் தெரியும். நாலு அடி தள்ளி நின்றால் இரண்டும் விலகிவிடும். விளக்குகள் நகரவில்லை, நாம்தான் நகர்ந்தோம். அதே மார்ச் 24ஆம் தேதி ராத்திரி ஐரோப்பாவிலே பார்த்தவர்களுக்கு வெள்ளி பிறையை விட்டுத் தள்ளியே தெரிந்தது.

இன்னொரு காரியம். கிரகங்களும் சந்திரனும் ஏறக்குறைய ஒரே தளத்தில் சுற்றும்படி கர்த்தர் அமைத்திருக்கிறார். ஆகையால் நம் கண்ணுக்கு அவைகளெல்லாம் வானத்தில் ஒரே பாதையில் போகிறது போலத் தெரியும். சந்திரன் 27 நாள் சொச்சத்தில் அந்தப் பாதையை ஒரு சுற்று சுற்றிவிடுகிறது. அப்படியானால் மாதந்தோறும் ஒவ்வொரு கிரகத்தையும் அது கடந்துதான் போக வேண்டும். சில மாதம் தள்ளிப் போகும், சில மாதம் உரசினாற்போல் போகும். சூரிய வெளிச்சத்தில் மறைந்து போவதால் பல தடவை நாம் கவனிப்பதே இல்லை.

2020 டிசம்பர் 21 அன்று வியாழனும் சனியும் ஒரே நட்சத்திரம் போலத் தெரிந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம். 1623க்குப் பிறகு அவ்வளவு நெருக்கமாய் அவைகள் தெரிந்தது அதுதான் முதல் தடவை. கொரோனா துக்கத்தின் நாட்களில், அதுவும் கிறிஸ்துமஸ் வாரத்தில் வந்தபடியினால் உலகமெங்கும் அதைப் பெத்லகேம் நட்சத்திரத்தோடு ஒப்பிட்டுப் பேசினார்கள். அந்த ராத்திரியிலும் அந்த இரண்டுக்கும் நடுவே 70 கோடி கிலோமீட்டருக்கு மேல் இடைவெளி இருந்தது!

ஆகவே ஒன்றை மனதில் குறித்துக்கொள்ளுங்கள். சேர்க்கை என்று நாம் சொல்லுவது கிரகங்களுக்கு நடக்கிற காரியமே இல்லை. பூமியில் நிற்கிற நம்முடைய கண்ணுக்கு நடக்கிற காரியம். வியாழனில் போய் நின்று பார்த்தால் அங்கே எந்தச் சேர்க்கையும் கிடையாது.

1. நல்லதா, கெட்டதா?

இப்பொழுது அந்தத் தாயாரின் கேள்விக்கு வருவோம். இந்தப் பயம் நம்முடைய ஜனங்களுக்கு மாத்திரம் வந்த பயம் அல்ல. வேதம் கையில் இருந்தவர்களையும் அது பிடித்து ஆட்டியிருக்கிறது.

ஜெர்மனி தேசத்தில் ஜோஹன்னஸ் ஸ்டோஃப்லர் என்ற அறிஞர் 1499இல் ஒரு பஞ்சாங்கம் வெளியிட்டார். 1524 பிப்ரவரியில் மீன ராசியில் கிரகங்கள் கூடும் என்று அதில் இருந்தது. மீனம் என்றால் தண்ணீர், தண்ணீர் என்றால் பிரளயம் என்று அர்த்தம் பண்ணி ஏராளமான கைப்பிரதிகள் பரவின. கிறிஸ்தவ நாடுகளிலே ஜனங்கள் கலங்கினார்கள். பிப்ரவரி வந்தது, போனது. பிரளயம் வரவில்லை. கவனியுங்கள்! இனி ஜலத்தினால் பூமியை அழிப்பதில்லை என்று கர்த்தர் நோவாவோடு உடன்படிக்கை பண்ணி, மேகத்தில் வில்லையும் வைத்தார் (ஆதியாகமம் 9). அந்த அதிகாரத்தை ஆலயத்தில் கேட்டவர்களே கிரகத்தைப் பார்த்து வெள்ளத்துக்குப் பயந்தார்கள். வாக்குத்தத்தம் காதில் இருந்தது, பயம் இருதயத்தில் இருந்தது.

நம்முடைய தேசத்தில் 1962 பிப்ரவரி முதல் வாரம். சூரியன், சந்திரன், புதன், வெள்ளி, செவ்வாய், வியாழன், சனி ஆகிய ஏழும் மகர ராசியில் கூடின. கேதுவையும் சேர்த்து அஷ்டகிரகம் என்றார்கள். உலகம் முடியப்போகிறது என்று பெரிய பெரிய யாகங்கள் நடந்தன. பிப்ரவரி 5ஆம் தேதி சூரிய கிரகணமும் வந்தது. அதற்கு மறுநாள் வழக்கம்போலப் பால்காரர் வந்தார், பள்ளிக்கூடம் திறந்தது. இதில் கேது என்பதற்குச் சரீரமே கிடையாது தெரியுமா? சந்திரனுடைய பாதையும் சூரியனுடைய பாதையும் வெட்டுகிற இரண்டு புள்ளிகளுக்குத்தான் ராகு, கேது என்று பேர். இல்லாத ஒன்றுக்கு ஒன்றரை மணி நேரம் ஒதுக்கி வைத்து, அந்த நேரத்தில் வெளியே கிளம்பாத விசுவாசிகள் நம் நடுவிலே இருக்கிறார்களே!

2000ஆம் வருஷம் மே 5ஆம் தேதியும் இதே கதைதான். ஐந்து கிரகங்களும் சூரியன் இருக்கும் பக்கமாய்க் கூடின. உலகம் அழியும் என்றார்கள். சூரிய வெளிச்சத்தில் அந்தக் கூட்டத்தை யாரும் பார்க்கக்கூட முடியவில்லை.

"பாஸ்டர், சந்திரன் கடலையே இழுக்குதே, மனுஷனை இழுக்காதா?" என்று சிலர் கேட்பார்கள். நல்ல கேள்வி. சந்திரனும் சூரியனும் கடலில் ஏற்றவற்றம் உண்டாக்குவது உண்மை. அது தேவன் வைத்த ஒழுங்கு. கிரகங்களோ அவ்வளவு தூரத்தில் இருப்பதால் அவைகளின் இழுப்பு ஒன்றுமில்லாத அளவுக்குச் சிறியது. கடல் ஏறுவதற்கும் உங்கள் மகளுக்கு வரன் அமைவதற்கும் சம்பந்தம் கட்டினவன் யார்? தேவன் கட்டவில்லை.

இதை யாரையும் பரிகாசம் பண்ணுவதற்காக எழுதவில்லை. நியாயத்தீர்ப்பு நம்முடைய வீட்டில்தான் முதலாவது துவங்க வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு விசுவாசக் குடும்பம் இருக்கிறது. மகள் நர்ஸ் வேலை பார்க்கிறாள், ஜெபிக்கிற பிள்ளை. ஒரு வரன் வந்தது. வந்தவர்களும் இரட்சிக்கப்பட்ட குடும்பம். ஜெபம் பண்ணிவிட்டுத்தான் பேச்சையே ஆரம்பித்தார்கள். எல்லாம் பேசி முடித்து, இரண்டு வாரம் கழித்து போன் வந்தது. "பொண்ணு பிறந்த நேரம் மட்டும் கொஞ்சம் வேணும்... எங்க அண்ணன் வீட்டுல கேக்குறாங்க." நேரத்தைக் கொடுத்தார்கள். செவ்வாய் தோஷம் என்று பதில் வந்தது. வரன் போய்விட்டது.

ஜாதகக் கட்டம் பன்னிரண்டு. அதில் 2, 4, 7, 8, 12 ஆகிய ஐந்து இடங்களில் எதில் செவ்வாய் இருந்தாலும் தோஷம் என்கிறார்கள். பன்னிரண்டில் ஐந்து! சின்னப் பிள்ளைகூடக் கணக்குப் போடலாம். பிறக்கிற பிள்ளைகளில் ஏறக்குறைய நூற்றுக்கு நாற்பது பேரைத் தோஷமுள்ளவர்கள் என்று ஒதுக்குகிற கணக்கு இது.

அந்த மகள் அழுதுகொண்டே என்னிடம் கேட்டாள்: "பாஸ்டர், என்னைத் தாயின் வயித்துல உருவாக்கினவர்தானே செவ்வாயையும் உண்டாக்கினார்? நான் பிறக்கும்போது அது எங்க இருக்கும்னு அவருக்குத் தெரியாதா?" பிரியமானவர்களே, நான் எத்தனையோ வேத பாட வகுப்புகளில் உட்கார்ந்திருக்கிறேன். இதைவிடச் சரியான இறையியலை நான் கேட்டதில்லை. கர்த்தர் உடனே வேறொரு நல்ல இடத்தை அமைத்துக் கொடுத்தார் என்று சாட்சி எழுத எனக்கு ஆசைதான். இன்னும் ஜெபித்துக்கொண்டுதான் இருக்கிறோம். நீங்களும் ஜெபியுங்கள். ஆனால் அந்தப் பிள்ளையின் கண்ணீருக்கு ஆகாயத்துச் செவ்வாய் கணக்குக் கொடுக்காது. பூமியில் இருக்கிற நாம்தான் கணக்குக் கொடுக்க வேண்டும்.

வேதம் என்ன சொல்லுகிறது? முதல் அதிகாரத்தில் சூரியனுக்கும் சந்திரனுக்கும் பேர்கூடச் சொல்லாமல், பெரிய சுடர், சிறிய சுடர் என்று மாத்திரம் எழுதியிருக்கிறது (ஆதியாகமம் 1:16). சுற்றிலும் இருந்த ஜாதிகள் அவைகளைத் தேவர்கள் என்று கும்பிட்ட காலம் அது. மோசேயோ, அவைகள் வீட்டு விளக்குகள் என்கிறான். விளக்குக்கு யாராவது பயப்படுவார்களா? வானத்தின் அடையாளங்களைக் கண்டு ஜாதிகள் கலங்கினாலும் நீங்கள் கலங்கக் கூடாது என்று எரேமியா எச்சரிக்கிறான் (எரேமியா 10:2). இரவில் நிலா உன்னைச் சேதப்படுத்தாது என்று சங்கீதக்காரன் தைரியம் சொல்லுகிறான் (சங்கீதம் 121:6).

யோபுவின் வார்த்தை இன்னும் ஆழமானது. பிரகாசமாய் நடந்து போகிற சந்திரனைப் பார்த்து என் மனம் இரகசியமாய் மயங்கியிருந்தால், அது நியாயம் விசாரிக்கப்பட வேண்டிய அக்கிரமம் என்கிறான் (யோபு 31:26-28). 'இரகசியமாய்' என்பதைக் கவனியுங்கள். வெளியே ஸ்தோத்திரம், பீரோவுக்குள்ளே ஜாதகம். ஞாயிற்றுக்கிழமை அந்நியபாஷை, திங்கட்கிழமை காலண்டரில் நல்ல நேரம். இதைத்தான் யோபு பயந்தான்.

2. வருகையின் அடையாளமா?

அடுத்தது அந்தத் தம்பியின் கேள்வி. இது நம்முடைய பெந்தெகொஸ்தே வட்டாரத்துக்கே உரிய சோதனை. ஜோசியரிடம் போகமாட்டோம். ஆனால் அதே வேலையை வெளிப்படுத்தின விசேஷத்தைக் கையில் வைத்துக்கொண்டு செய்வோம்!

2014, 2015ஆம் வருஷங்களில் பண்டிகை நாட்களில் நாலு சந்திர கிரகணங்கள் வந்தன. இரத்த நிலா என்று உலகமெங்கும் பிரசங்கித்தார்கள். பிறகு 2017 செப்டம்பர் 23. சூரியன் கன்னி ராசியில், சந்திரன் அதன் காலடியில், வியாழன் அதன் நடுவில், தலைக்கு மேலே சிம்ம ராசியின் நட்சத்திரங்களோடு புதன், வெள்ளி, செவ்வாய். வெளிப்படுத்தின விசேஷம் 12ஆம் அதிகாரம் நிறைவேறுகிறது என்று தேதி குறித்தார்கள். அந்தச் சனிக்கிழமை போனது, ஞாயிறு ஆராதனை வந்தது. சூரியன் கன்னியில் இருக்கச் சந்திரன் அதன் காலடியைக் கடப்பது வருஷந்தோறும் நடக்கிற காரியம். கிரகங்களோடு சேர்ந்த அந்த முழு அமைப்புங்கூட 1827இல் இதேபோல் வந்து போயிருக்கிறது.

அப்படியானால் சூரியனிலும் சந்திரனிலும் நட்சத்திரங்களிலும் அடையாளங்கள் உண்டாகும் என்று ஆண்டவர் சொன்னது பொய்யா? (லூக்கா 21:25) ஒருக்காலும் இல்லை! அவர் வருவது நிச்சயம். அந்த அடையாளங்களும் நிச்சயம். ஆனால் அந்தப் பகுதியை நிதானமாய் வாசியுங்கள். வானத்தின் சத்துவங்கள் அசைக்கப்படுவதைப் பற்றி ஆண்டவர் பேசுகிறார். ஒழுங்கு குலைவதைப் பற்றிப் பேசுகிறார். கிரகச் சேர்க்கையோ ஒழுங்கு குலையாமல் இருப்பதற்குச் சாட்சி. சுவர்க்கடிகாரத்தில் சரியாய்ப் பன்னிரண்டு மணிக்கு இரண்டு முள்ளும் ஒன்று சேர்ந்தால் கடிகாரம் உடைந்துபோனது என்றா சொல்லுவோம்? நன்றாய் ஓடுகிறது என்றுதான் சொல்லுவோம்.

நாளையும் நாழிகையையும் குறித்து ஆண்டவர் கதவை அடைத்துவிட்டார் (மத்தேயு 24:36, அப்போஸ்தலர் 1:7). அவர் அடைத்த கதவை வியாழனையும் சனியையும் நெம்புகோலாய் வைத்துத் திறக்கப் பார்ப்பது ஆவிக்குரிய காரியமாகாது. தேதி தப்பும்போது தேதி சொன்ன மனுஷன் மாத்திரம் வெட்கப்படுவதில்லை. கேட்டு நம்பின வாலிபன் வருகையையே நம்பாமல் போய்விடுகிறான். அந்த ஆத்துமாவுக்கு யார் பொறுப்பு?

"பெத்லகேமுக்கு நட்சத்திரம் வழிகாட்டலையா?" என்று கேட்பீர்கள். காட்டியது! அது என்ன நட்சத்திரம் என்று பலர் ஆராய்ந்திருக்கிறார்கள். கி.மு. 7இல் வியாழனும் சனியும் ஒரே வருஷத்தில் மூன்று தடவை நெருங்கி வந்தன. கி.மு. 2 ஜூன் மாதத்தில் வெள்ளியும் வியாழனும் ஒன்றாய்க் கலந்தது போலத் தெரிந்தன. இதுதான் அதுவா என்று வேதம் சொல்லவில்லை, நானும் சொல்லப்போவதில்லை. வேதம் சொல்லுகிற வேறொரு காரியத்தைப் பாருங்கள். நட்சத்திரத்தைப் பார்த்து வந்த சாஸ்திரிகள் எருசலேமுக்குத்தான் வந்தார்கள். எந்த ஊர் என்று அவர்களுக்குத் தெரியவில்லை. மீகா தீர்க்கதரிசியின் புஸ்தகத்தைத் திறந்த பிறகுதான் பெத்லகேம் என்ற பேர் வந்தது. வானம் அவர்களைக் கிளப்பிவிட்டது. வார்த்தைதான் இடத்தைக் காட்டியது. நோவாவின் வில்லும் அப்படித்தான். தேவன் பேசினார், ஆகையால் அது அடையாளமாயிற்று. வார்த்தை இல்லாத இடத்தில் நாமே அடையாளத்தை உண்டாக்கினால், அதற்கு அர்த்தத்தையும் நாமேதான் உண்டாக்குவோம்.

3. வெறும் கணக்குதானா?

கல்லூரி மகளின் கேள்விதான் மூன்றிலும் கனமான கேள்வி. முன்கூட்டியே கணக்குப் போட முடிகிற காரியத்தில் தேவனுக்கு என்ன வேலை? இந்தக் கேள்வியை அடக்காதீர்கள், பெற்றோரே! "அப்படியெல்லாம் கேக்கக் கூடாது" என்று சொன்னால், பிள்ளை வாயை மூடிக்கொள்ளும், அப்புறம் சபைக்கு வராது.

2020இல் தெரிந்தது போன்ற நெருக்கம் அடுத்து 2080 மார்ச் 15ஆம் தேதி வரும் என்று இன்றைக்கே சொல்லுகிறார்கள். நம்மில் அநேகர் அதற்குள் கர்த்தருடைய சமுகத்தில் இருப்போம். எப்படி இவ்வளவு நிச்சயமாய்ச் சொல்ல முடிகிறது? கிரகங்கள் ஓடும் விதியை ஜோஹன்னஸ் கெப்ளர் 1609இலும் 1619இலும் எழுதி வைத்தார். அவர் முதலில் ஊழியத்துக்குப் போகவேண்டும் என்று டூபிங்கன் பல்கலைக்கழகத்தில் வேதசாஸ்திரம் படித்தவர். விதி இருக்கிறபடியினால் தேவன் இல்லை என்று அவருக்குத் தோன்றவில்லை. விதி கொடுத்தவர் உண்மையுள்ளவர் என்றுதான் தோன்றியது.

எரேமியா 31:35, 36ஐத் திறந்து பாருங்கள். சந்திர நட்சத்திரங்களுக்குத் தாம் வைத்த நியமம் ஒழிந்துபோனால் ஒழிய, தம்முடைய ஜனத்தைத் தாம் தள்ளிவிடுவதில்லை என்ற பொருளில் கர்த்தர் பேசுகிறார். ஆண்டவர் தம்முடைய உண்மைக்கு எதை ஜாமீன் வைக்கிறார்? கணக்குத் தப்பாத அந்த ஓட்டத்தையே ஜாமீன் வைக்கிறார்! யோசித்துப் பாருங்கள். விஞ்ஞானி எவ்வளவு துல்லியமாய்க் கணக்குப் போடுகிறானோ, அவ்வளவு துல்லியமாய் நம்முடைய தேவன் சொன்ன சொல் தவறாதவர் என்று நிரூபிக்கிறான். கணக்கு தப்பியிருந்தால் அல்லவா நாம் கலங்க வேண்டும்!

சில அப்பாக்கள் தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு வீட்டுக்கு வருவார்கள். வாசலில் சைக்கிள் மணிச் சத்தம் கேட்குமுன்னே பிள்ளை கதவைத் திறக்கும். அப்பா எப்பொழுது வருவார் என்று முன்கூட்டியே தெரிவதினால் அப்பா இல்லை என்று ஆகிவிடுமா? தவறாமல் வருகிறபடியினால்தானே பிள்ளை நம்புகிறது?

சரி, சேர்க்கை நம்முடைய கண்ணுக்கு மாத்திரம் தெரிகிறது என்று முதலில் சொன்னேன் அல்லவா? அதில் இரண்டு சத்தியம் உண்டு. கிரகங்கள் உண்மையில் கூடாதபடியினால் அந்தக் கூடுகைக்கு நம்மை ஆளும் வல்லமை இல்லை. இது ஒன்று. பூமியில் நிற்கிறவனுடைய கண்ணுக்கு மாத்திரம் அது தெரிகிறபடியினால், அது நமக்கென்று வைக்கப்பட்ட ஈவாய் இருக்கிறது. இது மற்றொன்று. வெள்ளிக்கு இந்த அழகு தெரியாது. சந்திரனுக்குத் தெரியாது. காசில்லாமல், டிக்கெட் இல்லாமல், குடிசையில் இருக்கிறவனுக்கும் மாளிகையில் இருக்கிறவனுக்கும் ஒன்றுபோலப் பிதா காட்டுகிற காட்சி அது. ஈவாய் வந்ததைப் பார்த்து நடுங்கினால், கொடுத்தவருடைய மனம் நோகாதா?

ஆபிரகாம் எங்கேயிருந்து வந்தான்? ஊர் என்கிற கல்தேயர் பட்டணத்திலிருந்து. சந்திர தெய்வத்துக்குக் கோபுரம் கட்டிக் கும்பிட்ட பட்டணம் அது. அவன் தங்கியிருந்த ஆரானும் அதே தெய்வத்துக்குப் பேர்போன இடம். அவனுடைய பிதாக்கள் வேறே தேவர்களைச் சேவித்தார்கள் என்று யோசுவா 24:2 சொல்லுகிறது. அப்படிப்பட்டவனிடம் கர்த்தர், "இனிமேல் வானத்தையே பார்க்காதே" என்று சொல்லியிருக்கலாம். அவரோ அவனைக் கூடாரத்துக்கு வெளியே அழைத்து வந்து, அண்ணாந்து பார்த்து நட்சத்திரங்களை எண்ணச் சொன்னார் (ஆதியாகமம் 15:5). அதே வானம், அதே கண்கள். ஆனால் இப்பொழுது கும்பிடுவதற்கு அல்ல, விசுவாசிப்பதற்கு! பார்வையை மூடுகிறவர் அல்ல நம் தேவன், பார்வையை மீட்டுக்கொள்ளுகிறவர். அல்லேலூயா!

நாம் செய்ய வேண்டியது என்ன?

ஆகவே தேவபிள்ளையே, அடுத்த தடவை பிறைக்குப் பக்கத்தில் ஒரு கிரகம் நின்றால் வெளியே வா. பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வா. இது வெள்ளி, இது வியாழன், இவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று சொல்லிக்கொடு. எட்டாம் சங்கீதத்தைச் சேர்ந்து வாசியுங்கள். இவ்வளவையும் உண்டாக்கினவர் என்னை நினைக்கிறாரே என்று நன்றி சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் பயமுறுத்துகிற செய்தி வந்தால் உன்னோடு அது நிற்கட்டும், அடுத்தவருக்கு அனுப்பாதே.

வீட்டுக்குள்ளும் ஒரு சுத்திகரிப்பு வேண்டும். பீரோவில் ஜாதகக் கட்டு இருந்தால் இன்றைக்கே எடுத்துவிடு. மகனுக்குப் பெண் பார்க்கும்போது பிறந்த நேரம் கேட்காதே. மறுபடியும் பிறந்த நேரத்தைக் கேள். "உறவுக்காரங்க மனசுக்காக" என்று சாக்குச் சொல்லாதே. உன்னால் தள்ளப்படுகிற பெண்ணுக்கும் ஒரு பரமபிதா இருக்கிறார்.

கடைசியாக ஒன்று. எருசலேமில் இருந்த வேதபாரகர்களுக்கு பெத்லகேம் என்ற பேர் மனப்பாடமாய்த் தெரிந்திருந்தது. பத்துக் கிலோமீட்டர்கூட இல்லாத தூரம். ஒருவனாவது சாஸ்திரிகளோடு போனதாக எழுதப்படவில்லை. கிழக்கேயிருந்து வந்தவர்கள் வானத்தைப் பார்த்து மாதக்கணக்காய் நடந்தார்கள். வேதத்தை வைத்திருந்தவர்கள் அரை நாள் நடக்கவில்லை! கிரகத்துக்குப் பயப்படுகிறவனைவிட மோசமான நிலைமை இது. சபையே, நாம் எங்கே நிற்கிறோம்? வசனம் நம் கையில் இருக்கிறது. கால் நடக்கிறதா?

சாயங்காலம் மேற்கே நிற்கிற அதே வெள்ளிதான், சில மாதம் கழித்து விடியற்காலையில் கிழக்கே விடிவெள்ளியாய் எழும்புகிறது. நம்முடைய ஆண்டவர் தமக்கென்று அந்தப் பேரைத் தெரிந்துகொண்டார் (வெளிப்படுத்தின விசேஷம் 22:16). விடிவெள்ளியைப் பார்க்க ஜாதகம் வேண்டாம், தேதியும் வேண்டாம். விழித்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஜெபிப்போமா?

பரலோகப் பிதாவே, சந்திரனையும் வெள்ளியையும் வியாழனையும் உண்டாக்கினவரே, எங்கள் வீடுகளில் இரகசியமாய் ஒளிந்திருக்கிற பயங்களை இயேசுவின் நாமத்தினாலே வெளியே எடுத்துப்போடும். தோஷம் என்று தள்ளப்பட்டு அழுகிற பிள்ளைகளின் கண்ணீரைத் துடையும். தப்பான தேதிகளைக் கேட்டு மனம் சோர்ந்துபோன வாலிபர்களைத் திரும்பவும் உயிர்ப்பியும். வானத்தைப் பார்க்கும்போது உம்மைத் துதிக்கவும், வசனத்தைக் கேட்கும்போது எழுந்து நடக்கவும் எங்களுக்குக் கிருபை தாரும். நீர் வருமளவும் எங்களை விழிப்பாய்க் காத்துக்கொள்ளும். இயேசு கிறிஸ்துவின் மூலமாய் ஜெபிக்கிறோம், எங்கள் நல்ல பிதாவே. ஆமென்.

மாரநாதா!